வளர்த்திக்கு விட்ட இரண்டு இஞ்ச்

பித்தளைக் கம்பி உருகும்போது ஒரு வாசனை வரும். இரும்புக் குழாய் செக்கச் செவேலென்று பழுத்து, அதில் ஒட்டியிருந்த பழைய பெயிண்ட் பொசுங்கி, வெள்ளைப் பொடியில் தோய்த்த கம்பி மஞ்சளாய் இளகி இணைப்புக்குள் ஓடும்போது, மூக்கு நுனியில் ஏறி அங்கேயே நின்றுவிடுகிற, இனிப்பா கசப்பா என்று சொல்ல முடியாத வாசனை. இராஜபாளையத்தில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையில் அதை முதன்முதலாக முகர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. பார்த்தவர்கள் எல்லோரும் பத்து என்றுதான் சொல்வார்கள்.

என் உயரத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. எட்டு வயதில் ஒரு நீண்ட நோயில் விழுந்து, ஒரு வருடம் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்து எழுந்தேன். எழுந்த பிறகு வயது வளர்ந்தது, நான் வளரவில்லை. பதினான்கு வயதில் மதுரையில் ஒரு டாக்டர் என் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, எலும்பின் ஓரம் மூடிவிட்டது, இனிமேல் வளர்த்தி இராது என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். எங்கள் ஊரான மம்சாபுரத்துக்குத் திரும்பியதும் வழக்கம்போலத் தையல் மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். நானோ ஒரு வாரம் அழுது தீர்த்துவிட்டு, தெருவில் வைத்த "அரைப்படி" என்ற பட்டப்பெயருக்கும் பழகிவிட்டேன். வாய் மட்டும் எனக்கு முழுப்படி.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் நான் ஆசைப்பட்ட பிளஸ் ஒன் உயிரியல் பிரிவில் இடமும் கிடைத்துவிட்டது. போய்வருவதுதான் பாடு. காலை பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போதே படியில் ஆள் தொங்கும். ஏறிவிட்டாலும் என் மூக்கு மற்றவர்களின் முழங்கை மட்டத்தில் இருக்கும். இரண்டு தடவை மூச்சு முட்டி மயங்கி, என்னைத் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். இராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்த அப்பா, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "சைக்கிள்ல தனியாப் போய்ட்டு வாரேன்னா சேரு. இல்லேன்னா அம்மாகூட மிஷின்ல உக்காரு. பஸ்ஸ நம்பி ஒன்னைய விட ஏலாது" என்று சொல்லிவிட்டார். பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது.

பெரியப்பா மகளின் பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கி வந்தோம். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியும் பெடல் கீழே போகும்போது என் கால் அதைவிட்டுப் பிரிந்துவிடும். பெடல் சுற்றி மேலே வரும்போது மறுபடி பிடிக்க வேண்டும். பிரேக்கைப் பிடிக்க விரல் எட்டாது. அன்றைக்கே வாய்க்காலில் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். சரி, சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் போகலாம் என்று பக்கத்து வீட்டில் ஒன்றை வாங்கிப் பார்த்தால், முழங்கால் ஹேண்டில் பாரில் இடிக்கிறது; சக்கரம் குட்டி என்பதால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகர்ந்தபாடில்லை; போதாததற்கு ஹேண்டிலில் ரோஸ் கலர் குஞ்சம். தெருவே கூடி நின்று சிரித்தது. குஞ்சத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அம்மா தையல்காரி. ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிபாரம் எல்லாம் தைப்பாள். மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் கிடந்த இரண்டு சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒடம்புக்குத் தக்கன சட்ட தைக்கோமா, சட்டைக்குத் தக்கன ஒடம்ப வெட்டுதோமா? இந்தச் சைக்கிள் செய்யுதவனுக்கு மட்டும் அம்புட்டுப் பேரும் ஒரே அளவா?" என்று யாரிடம் என்றில்லாமல் சத்தம் போட்டாள். பிறகு, "ஏட்டி செல்வி, எந்திரிச்சு நில்லு" என்று கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள்.

அன்றைக்கு அவள் எடுத்த அளவுகளை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது. தோள், மார்பு, கை நீளம் என்று நிரம்பிய அளவு நோட்டில் எனக்காக ஒரு புதுப் பக்கம் திறந்தாள். கவட்டிலிருந்து குதிகால் வரை, உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து தோள் வரை, கையை நீட்டினால் தோளிலிருந்து உள்ளங்கை வரை, கட்டைவிரலை ஊன்றி மற்ற விரல்களை விரித்தால் எட்டுகிற தூரம் வரை எல்லாம் எழுதிக்கொண்டாள். சைக்கிளை ஒருநாளும் ஓட்டியறியாத பெண் அவள். உடம்பு ஒரு பொருளை எந்தெந்த இடத்தில் தொடுகிறதோ அங்கேதான் அளவு வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரிந்திருந்தது. பிறகு பழைய செய்தித்தாள்களைக் கஞ்சிப் பசையால் ஒட்டி, பெரிய விரிப்பாக்கி, ஜாக்கெட்டுக்குப் பேப்பர் வெட்டுவது போல ஒரு முழுச் சைக்கிளை வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டாள். எனக்கான சைக்கிள் நிஜ அளவில் எங்கள் வீட்டுச் சுவரில் நின்றது. நான் வாயைப் பிளந்துகொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு, என்னையும் பழைய சைக்கிளையும் கூட்டிக்கொண்டு, அவள் போய் நின்ற இடம்தான் ஆரோக்கியம் அண்ணாச்சியின் பட்டறை. தள்ளுவண்டியும் தறிக்கு இரும்புச் சட்டமும் செய்கிறவர். தரையில் விரித்த பேப்பரைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தங்கச்சி, இது ஜாக்கெட் இல்ல, பிரிச்சுத் தைக்க."

"பிரிக்காத மாதிரியே தச்சிருவோம் அண்ணாச்சி" என்றாள் அம்மா.

அவருடைய சிரிப்பு நின்றது. குந்தி உட்கார்ந்து, பேப்பரை விரலால் தடவிப் பார்த்து, "முன்னால இம்புட்டுக் கொறைச்சா, வண்டியத் திருப்பும்போது பிள்ளையோட கால் வெரலு சக்கரத்துல இடிக்குமே" என்றார். அம்மா மிச்சக் காகிதத்தில் என் பாதத்தை வைத்து வரைந்து வெட்டி, பெடல் இருக்கிற இடத்தில் குண்டூசியால் குத்தி, முன்சக்கரத்தின் பக்கமாகச் சுற்றிப் பார்த்தாள். இடித்தது. முன்பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்து வெட்டினாள். இடிக்கவில்லை. அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒங்கம்மா எம்புட்டுப் படிச்சிருக்கா?" என்றார். "அஞ்சு" என்றேன். "அதான் மூளை மிச்சம் இருக்கு" என்றார்.

பத்து நாளில் வண்டி தயாராகிவிட்டது. இரண்டு பழைய சைக்கிள்களின் குழாய்கள், கொஞ்சம் சிறிய சக்கரங்கள், என் காலுக்குத் தக்கபடி பெடலைத் தாங்குகிற குட்டைக் கிராங்க், விரலுக்கு எட்டும்படி வளைத்த பிரேக், மேலே பச்சைப் பெயிண்ட். கண்மாய்க் கரைக்குப் பக்கத்து மைதானத்துக்கு நானே தள்ளிக்கொண்டு போனேன். பின்னால் அம்மா, அவளுக்குப் பின்னால் பாதித் தெரு.

ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை.

ரொம்ப இல்லை. கட்டைவிரல் நுனி பெடலைத் தொட்டது, மிதிக்க முடியவில்லை. ஹேண்டில் கைக்கு வந்தது, முதுகை நீட்டினால்தான் வந்தது. நான் இறங்கி, அம்மாவின் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். என் அளவுகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் நீளம் என்று இருந்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு கூட்டல் குறி போட்டு "வளர்த்திக்கு 2" என்று எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்து யூனிபாரம் தைக்கிறவர்களுக்கு அது கைப்பழக்கம். வளர்கிற பிள்ளை, அடுத்த வருடமும் போட வேண்டும் என்று உள்தையலில் துணி விட்டுத்தான் தைப்பார்கள். துணியை உள்ளே மடித்து வைக்கலாம். இரும்புக் குழாயை எங்கே மடிப்பது?

"அக்கா, சைக்கிளுக்கும் உள்தையல் விட்டுட்டியளா!" என்று யாரோ கேட்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியைக் கீழே போட்டேன். "எனக்கு இனிமே வளர்த்தி கெடையாதும்மா! டாக்டர் சொன்னாருல்லா? நீயும்தான கேட்ட? பள்ளிக்கூடம் திறக்க மூணு நாள்தான் இருக்கு!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அம்மா குனிந்து சைக்கிளை நிமிர்த்தி, ஹேண்டிலில் ஒட்டிய மண்ணை முந்தானையால் துடைத்தாள். அப்படிக் கத்தியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையிலேயே பட்டறைக்குப் போனோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "அறுத்து ஒட்டிருவோம், அதுக்கென்ன?" என்று அறுக்க வேண்டிய இடங்களைக் கேட்டார். அம்மா இடுப்பிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்துச் சீட்டுக் குழாயின் மேல் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

"அண்ணாச்சி, அறுத்துட்டா, பொறவு தேவைப்பட்டா நீட்ட முடியுமா?"

"தாராளமா. இரும்புதான தங்கச்சி? எத்தன தடவ வேணும்னாலும் அறுக்கலாம், எத்தன தடவ வேணும்னாலும் ஒட்டலாம். அது ஒண்ணும் கோவிச்சுக்கிடாது."

செத்த நேரம் கழித்துத்தான் கோடு போட்டாள். ரம்பம் குழாய்க்குள் இறங்கி, ஒரு துண்டு தரையில் விழுந்து உருண்டு என் காலடியில் வந்து நின்றது. எடுத்துப் பார்த்து அசந்துபோனேன். அவ்வளவு கனமாய் இருக்கும் என்று நான் நினைத்திருந்த குழாய்க்குள் ஒன்றுமே இல்லை, வெறும் ஓட்டை. சுற்றிலும் நகத்தின் கனத்துக்கு ஒரு தகடு. அப்பா தன் சைக்கிளில் முன்னால் என்னையும் பின்னால் அம்மாவையும் வைத்து, கூடவே அரிசிச் சிப்பத்தையும் ஏற்றி மிதிப்பாரே, அத்தனை பேரையும் தாங்கியது இவ்வளவு மெல்லிய தகடா? மூன்று குழாயை முக்கோணமாய்ச் சேர்த்தால் அது அசையாது என்று அண்ணாச்சி தீக்குச்சிகளை வைத்துக் காட்டினார். கோயில் கோபுரத்தைப் பார்த்தால்கூட நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் அப்பாவின் பரீட்சை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்ப வேண்டும், அவர் தன் வண்டியில் பின்னால் வருவார். ஒட்டிய இடங்களில் பெயிண்ட் இல்லாமல் கறுத்துக் கிடந்த பச்சைச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். பாதம் பெடலில் முழுதாகப் பதிந்தது. முழங்கை லேசாக மடங்கியது. ஒரு மிதி மிதித்தேன். வண்டி என் உயரத்தைப் போல எத்தனையோ மடங்கு தூரம் ஓடியது. அதுவரை நான் எட்டிப் பிடித்தும் எக்கி நின்றும் ஏறிக் குதித்துமே வாழ்ந்திருக்கிறேன், நாற்காலியானாலும் தண்ணீர்த் தொட்டியானாலும் பஸ் படியானாலும். உலகத்தில் எனக்கென்று அளந்து செய்த பொருள் ஒன்று இருந்தால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தென்னந்தோப்புகள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின, தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்தது, நான் சைக்கிள் ஓட்டுகிறேன் என்பதே மறந்துபோயிற்று. அப்பாவின் குரல்தான் நினைவுபடுத்தியது.

"ஏட்டி, நில்லு! செத்த நில்லேன்!"

திரும்பிப் பார்த்தால், ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் திரும்பி அவரிடம் வந்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "போய்ட்டு வா" என்றார். நாளைக்கு மட்டும் போகச் சொல்கிறாரா, இரண்டு வருடமும் போகச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை. போய்விட்டு வந்தேன், இரண்டு வருடமும்.

இப்போது இராஜபாளையத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மலையடிவாரம் வரை கூட்டமாய்ச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், முழங்கால் வலி, கழுத்து வலி என்று திங்கட்கிழமை என்னிடம் வருகிறார்கள். "மேடம், அலுமினியமா, கார்பனா, எது நல்லது?" என்பார்கள். ஒருவர் தன் கார்பன் வண்டியை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினார். அதைப் பார்த்தும் நான் சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பிளந்தேன், பொய் சொல்வானேன்? ஆனால் ஏறி உட்காரச் சொன்னால், சீட் ஒரு இஞ்ச் இறங்கிக் கிடக்கும். எடை எவ்வளவு என்று கேட்டு வாங்கியிருப்பார், தன் கால் எவ்வளவு நீளம் என்று கேட்டால் தெரியாது. நான் டேப்பை எடுப்பேன்.

என் பச்சைச் சைக்கிள் இப்போது இல்லை. நான் கல்லூரிக்குப் போனபின் எதிர்வீட்டுப் பெண்ணுக்காக அதை நீட்டினார்களாம், அவளுக்குப் பின் இன்னொருத்திக்காக இன்னும் நீட்டினார்களாம். அப்புறம் யார் கைக்குப் போயிற்று என்று தெரியவில்லை. ஆரோக்கியம் அண்ணாச்சியும் காலமாகிவிட்டார். மிச்சம் இருந்தது கதைதான். சைக்கிளுக்கு உள்தையல் விட்ட தையல்காரியின் கதையைக் கல்லூரி விடுதியில், கல்யாண வீட்டில், வைத்தியம் பார்க்க வருகிறவர்களிடம் என்று எத்தனையோ தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

போன மாதம் அம்மாவை வைத்துக்கொண்டே ஒரு விருந்தாளியிடம் அதைச் சொன்னேன். அம்மாவும் கூடச் சிரித்தாள். அவர் போனபின் நான் சும்மா கேட்டேன்: "ஏம்மா, அளவு எடுக்கையில கைப்பழக்கத்துல தான அந்த ரெண்டு இஞ்சு சேர்த்த?"

அம்மா மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "கைப்பழக்கம்லாம் இல்லட்டி. தெரிஞ்சேதான் போட்டேன். அந்த டாக்டர் என்ன, சாமியா? எம்பிள்ள வளரும்னு நெனைச்சேன்" என்றாள். ஊசிக்குள் நூல் நுழைந்ததும் மிச்ச நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு, "அண்ணாச்சி அறுத்தாரு பாரு, அன்னைக்குத்தான் நம்புனேன்" என்றாள்.

வளரமாட்டேன் என்று பதினான்கு வயதில் நான் அழுது தீர்த்ததை, அவள் இரண்டு வருடம் கழித்து, பட்டறையில் சாக்பீஸும் கையுமாக நின்றுதான் ஒப்புக்கொண்டிருக்கிறாள். அதற்கு முந்தின நாள் நான் அவளைப் பார்த்து ஊர் முன்னால் கத்தியிருக்கிறேன். அந்தக் கதையை அதற்குப் பிறகு சிரிப்பதற்காக நான் யாரிடமும் சொல்லவில்லை.