அந்துருண்டை போட்ட கவுன்

பவுலினா யாரையும் லேசில் நம்பமாட்டாள். பால்காரர் முன்னாலேயே பாலை விரலில் தொட்டு வழியவிட்டுப் பார்ப்பாள். மருமகனை மட்டும் விட்டுவிடுவாளா? மெல்வினுக்கு ஓசூர் சிப்காட்டில் பெயின்ட் அடிக்கும் வேலை. பிரசவத்துக்குக் காவேரிப்பட்டினம் வந்திருந்த மகள் ப்ரீதாவையும் பிள்ளையையும் பார்க்க அவன் வரும்போதெல்லாம் வாசலிலேயே சட்டையை முகர்ந்து பார்ப்பாள்.

"தின்னர் வாசம் போகலைங்களே மாப்ள. குளிச்சிட்டு வாங்க."

பாவம், அவளும் பட்டவள். மூத்த மகன் ஸ்டீவ் ஞானஸ்நானம் முடிந்த அதே வாரம் கண் மஞ்சள் பூத்து இறந்துபோனான். கோயிலில் அவனைத் தூக்கி வைத்திருந்தது ஓரகத்தி ஃபெபா. பிள்ளையில்லாதவள், ஏதோ செய்துவிட்டாள் என்று பவுலினா அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினாள்.

பேரனுக்கும் ஞானஸ்நானம் நடந்தது. பவுலினா தன் தாய்வீட்டிலிருந்து வந்த வெள்ளைக் கவுனை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, துவைத்தால் நூல் விட்டுவிடும் என்று அப்படியே போட்டுவிட்டாள். ஸ்டீவும் ப்ரீதாவும் போட்ட கவுன். இரண்டொரு நாளில் பிள்ளையின் கண் மஞ்சளாகி, மூத்திரம் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனது.

"எல்லாம் இவரு கம்பெனி கெமிக்கலு" என்று ஆஸ்பத்திரியில் நாலு பேர் முன்னால் சொன்னாள். மெல்வினைப் பிள்ளையிடம் நெருங்கவிடவில்லை. அவன் வராந்தாவிலேயே நின்றான்.

ரத்தம் ஏற்றிப் பிள்ளை தேறியதும் டாக்டர் சௌமியா விளக்கினார். "ஜி6பிடின்னு ஒரு ஜீன். ரத்தத்துல சிவப்பணு உடையாம காப்பாத்துறது அதோட வேலை. இவனுக்கு அது சரியில்ல. சில மருந்து, சில பொருள் பட்டா அணுவெல்லாம் உடைஞ்சிடும். அந்துருண்டை போட்டு வெச்ச துணி ஏதாவது போட்டீங்களா?"

ப்ரீதாதான் கவுனைப் பற்றிச் சொன்னாள்.

"நானும் போட்டதுதாங்க மேடம். எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"பொண்ணுங்களை அவ்வளவா படுத்தாது, பசங்களைத்தான் படுத்தும். இது அம்மா வழியா வர்றது. அப்பாவுக்குச் சம்பந்தமே இல்ல. உங்கம்மா பெத்த பையன் யாருக்காவது இப்படி ஆச்சா?"

ப்ரீதா மெதுவாகத் தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

பவுலினா எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். "போயி பிள்ளையைத் தூக்குங்க மாப்ள" என்றாள். மெல்வின் தன் சட்டையைத் தானே ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனான்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஸ்டீவுக்கு அந்தக் கவுனை மாட்டிவிட்டதும் அவள் கைதான். ஃபெபா இருந்திருந்தால் இப்போதே போய்க் காலில் விழுந்திருப்பாள். போன வருஷம் ஃபெபா இறந்தபோது பவுலினா சாவுக்குக்கூடப் போகவில்லை.