மவுஸ் தொடாத துஷாந்தினி

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கம்பியூட்டர் படிக்கப் போன துஷாந்தினிக்கு, பல்கலைக்கழகக் கெம்பஸில் இரண்டாம் வருடத்தில் பெரகல மலைப்பாதை வளைவில் ஆட்டோ புரண்டு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு மவுஸ் பிடிக்க முடியவில்லை. அறைத்தோழி றிப்காதான் புரோகிராம் எழுதும் 'விம்' என்ற பழைய எடிட்டரைக் கம்பியூட்டரில் திறந்து கொடுத்தாள். வெறும் கறுப்புத் திரை. எல்லா வேலையும் விசைப்பலகையின் விசைகளாலேயே. முதல் நாள் துஷாந்தினி அதைவிட்டு வெளியே வரும் வழி தெரியாமல் கம்பியூட்டரையே அணைத்துவிட்டாள். நாளடைவில் விரல்கள் பழகிக்கொண்டன; கட்டுப் பிரித்த பிறகும் வேறொன்றில் எழுத மனம் வரவில்லை.

இப்போது ஹாலிஎலயில் வாடகை வீட்டிலிருந்தபடி கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள். போன மாதம் உத்தரவு வந்தது: இனி எல்லோரும் ஒரே புது எடிட்டர்தான். பாதி வரியை அதுவே எழுதித் தருமாம். முயன்று பார்த்தாள். வாயைத் திறக்குமுன் பேச்சைப் பிடுங்கிக்கொள்ளும் ஆளிடம் மாட்டியது போலிருந்தது. விரல்கள் பழைய விசைகளையே தட்டின. கண்ட இடத்திலெல்லாம் தேவையில்லாத எழுத்துகள். எழுந்து நடந்தாள், ஜன்னலைச் சாத்தினாள், மறுபடி திறந்தாள். அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப்போனது.

கணவன் சுரேஸ் வழி சொன்னான். "கை முறிஞ்சதச் சொல்லிரு. யாரும் மறு பேச்சு பேச மாட்டாங்க."

"கை ஆறி எத்தன வருஷமாச்சுங்க?" என்றாள் அவள்.

குழுத் தலைவர் ஷப்ராஸ் அழைத்துக் காரணம் கேட்டபோது, அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"எனக்கு அதுலதான் யோசன ஓடுது அண்ணா. வேற காரணம் ஒண்ணுமில்ல."

அவர் கோபிக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறி அழைப்பை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழிந்தது. பிறகு முடிவு வந்தது. புதிய வேலை மற்றவர்களுக்கு; பழைய மென்பொருள் ஒன்றைப் பராமரிப்பது அவளுக்கு. அங்கே எதில் எழுதினாலும் கேள்வியில்லை. சரியென்றாள். சம்பளத்தில் குறையில்லை.

ஆனாலும் குழுவின் இணைய உரையாடலில் மற்றவர்கள் புது வேலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறாள். தன்னைப் பழைய எடிட்டரோடு பிடித்து வைத்திருப்பது பிரியமா, பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. சில காலைகளில் யாருக்கும் சொல்லாமல் அந்தப் புது எடிட்டரைத் திறக்கிறாள். நாலு வரி எழுதுவதற்குள் மூடிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு இறங்கிவிடுகிறாள்.