லைக் பட்டனைக் காணோம்

திருநகரில் நான் பணியாரக் கடை திறந்த அன்று, 'எங்கள் முகநூல் பக்கத்துக்கு லைக் போட்டால் ஒரு தட்டு பணியாரம் இலவசம்' என்று வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினேன். கூட்டம் சேர்ந்தது. ஆனால் யார் போனிலும் லைக் பட்டன் இல்லை.

“ஓசியில குடுக்க மனசில்லேன்னா சொல்லிருங்கக்கா. இல்லாத பட்டனை எம்புட்டு நேரந்தான் தேடுறது?” என்று ஒரு இளைஞர் சத்தம் போட்டுக்கொண்டே வீடியோ எடுத்தார். சிலர் வண்டியைக் கிளப்பினார்கள்.

பக்கத்தில் நின்ற இன்னொருவரின் போனை வாங்கிப் பார்த்தேன். லைக் இருந்த இடத்தில் 'ஃபாலோ' என்றிருந்தது. பக்கத்தின் சொந்தக்காரி என்பதால் என் போனில் அந்தப் பட்டனே வராது. மாறியது எனக்கெப்படித் தெரியும்?

வீடியோ எடுத்த இளைஞரின் கேமராவைப் பார்த்தே சொன்னேன்: “பட்டன் பேருதான் தம்பி மாறிருச்சு, பணியாரம் மாறல. எல்லாரும் சாப்பிட்டுப் போங்க.”

சாப்பிட்டுவிட்டு அவரே அந்த வீடியோவைப் போட்டார். மறுநாள் அதைப் பார்த்து வந்த கூட்டத்துக்கு மாவு போதவில்லை.

இப்போதெல்லாம் எதை அச்சடிக்கக் கொடுத்தாலும், முதலில் பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண்ணின் போனில் என் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுகிறேன். பழைய ஃப்ளெக்ஸ் கடைக்கு வெயில் மறைப்பாகத் தொங்குகிறது. எழுத்து உள்பக்கம், என் கண்ணில் படும்படி.