பாசிக்கு ஒரு சிலிண்டர் சோடா

தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்தால் ஊரே பிளீச்சிங் பவுடரைத் தேடி ஓடும். பிடிக்கவில்லையே என்று கவலைப்படச் சம்பளம் வாங்கும் இனம் நாங்கள். 'என்ன வேலை பார்க்கிறாய்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

மொட்டைமாடி

வடசென்னை எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலை. அதன் பாய்லர் புகையைக் குழாய் வழியே கண்ணாடித் தொட்டிகளுக்குள் விடுவோம். புகையிலுள்ள கரியமில வாயுவைத் தின்று பாசி வளரும்; காற்றில் கலப்பது குறையும், அதுதான் திட்டம். தண்டையார்பேட்டையில் எங்கள் கீழ்வீட்டு மல்லிகா அக்காவுக்கு இதைப் பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்து மொட்டைமாடிக்கு இழுத்துப் போனார். சின்டெக்ஸ் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார்.

"இங்க சும்மாவே வளந்துகினு கீது. உங்க ஆபீசுல சொல்லு கண்ணு, வாடகைக்கு வுடுறேன்."

பசி

ஒருநாள் பாய்லர் படுத்துவிட்டது. புகை நின்றது. பாசி வெளிற ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து மேனேஜர் வருகிறார். தொட்டி பச்சையாக இருந்தால் திட்டம் தொடரும், இல்லையென்றால் தொட்டியோடு நானும் வெளியே. பயத்தில் வாட்ச்மேன் தாஸ் அண்ணனிடம் புலம்பித் தீர்த்தேன்.

மறுநாள் காலை போனால், மனிதர் தொட்டியின் காற்றுக்குழாயில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருக்கிறார். கையில் பீடி.

"பட்டினியா கீதுன்னு நீதானம்மா சொன்ன? மனசு கேக்கல, ரெண்டு இழுப்பு குடுத்தேன்."

கடன்

வாசலுக்கு வந்தால் கன்டெய்னர் லாரிகள் கக்கும் புகையில் கண் எரிகிறது. திரும்பிய பக்கமெல்லாம் புகைபோக்கி. இத்தனைக்கும் நடுவே, என் தொட்டிக்கு ஆகிற மாதிரி சுத்தமான கரியமில வாயு எங்கே கிடைக்கும் என்று பேயாக அலைந்தேன். கடைசியில் வண்ணாரப்பேட்டையில் சோடா கம்பெனி வைத்திருக்கும் காதர் பாய்தான் கைகொடுத்தார். பன்னீர் சோடாவில் ஏற்ற வைத்திருந்த கரியமில வாயு சிலிண்டரையே குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டார். அவர் காலில் விழாத குறை. ஆனால் பாய்க்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை.

"எடுத்துகினு போம்மா, பரவால்ல. ஆனா இத்த குடிச்சுட்டு உன் பாசி ஏப்பம் வுடுமா?"

வெள்ளிக்கிழமை

பாசி ஏப்பம் விடவில்லை. பச்சையாகப் பொங்கி நின்றது. மேனேஜர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், தலையாட்டினார். திட்டம் தொடரட்டும், இன்னொரு தொட்டியும் வைக்கலாம் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. காரில் ஏறப் போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

"எல்லாம் ஓகேம்மா, ஆனா நம்ம கம்பெனி கலர் நீலமாச்சே, அடுத்த தொட்டிய நீலத்துல வளத்துடுங்க."

எர்ணாவூரில் உட்கார்ந்துகொண்டு கரியமில வாயுவைக் கடன் வாங்கி வேலையைக் காப்பாற்றிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.