சுவீடன் ராசாக்களோடு வாழ்ந்த அருள்ராசா அண்ணை

வில்லரேயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து டெப்பனர் கடையில் பால் வாங்க வரிசையில் நின்றபோதுதான் அருள்ராசா அண்ணையின் மனைவி மேர்சி அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அவர் காலமை போயிட்டார்" என்றார். நான் வாய் திறப்பதற்குள், "அழுறத மறுகா அழுவம். முதல்ல இதைக் கேளுங்க. அடக்க ஆராதனையில வாசிக்கச் சொல்லி அவரே ஒரு கடதாசி எழுதி வச்சிருக்கார். பிரெஞ்சில. நீங்கதான் வாசிக்கணுமாம்" என்றார். அருள்ராசா அண்ணை போன துக்கமும், அத்தனை சனத்துக்கு முன்னால் நான் பிரெஞ்சு வாசிக்க வேண்டுமே என்ற பயமும் சேர்ந்து வந்தன. உண்மையைச் சொன்னால் பயம்தான் முந்திக்கொண்டது. பாலை வாங்காமலே வீட்டுக்குப் போனேன்.

அண்ணையைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பயத்தின் கதையும் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். டோர்வல் விமான நிலையத்தில் அவரும் நானும் பத்தொன்பது வருடம் ஒரே குழுவில் நின்று பெட்டி ஏற்றினோம். அவர் மட்டக்களப்புக் கிறிஸ்தவர், நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரன். வேலையில்லாத நாட்களில் நாங்கள் நித்திரை கொள்வோம். அவர் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய், முந்நூறு, நானூறு, ஐந்நூறு வருடத்துக்கு முந்திய சுவீடன் அரசர்களையும் அவர்களுடைய திருச்சபையையும் பற்றி வாசிப்பார். பட்டம் எடுக்க அல்ல. சுவீடனுக்கு அவர் ஒருநாளும் போனதும் இல்லை. ஏன் அண்ணை சுவீடன் என்று ஒருமுறை கேட்டேன். "நம்மட ராசாக்களைப் பத்திக் கதைச்சா சண்டை வரும், தம்பி. எனக்கு ஆரும் சண்டைக்கு வராத ராசாக்கள் வேணும்" என்றார்.

அந்த அரசர்களின் பெயர்கள் எங்களுக்கு வாயில் வராது என்பதால் அவரே பட்டப்பெயர் வைத்துத் தந்தார். தேவாலயங்களின் மணிகளைக் கழற்றி எடுத்து, ஊர்ச்சனத்தைக் கலகம் செய்ய வைத்தவர் மணி ராசா. லூத்தரன் நாட்டுக்கு அரசராக வந்து, தன் கத்தோலிக்கப் பூசையை விடமாட்டேன் என்று நின்று, கடைசியில் நாட்டையே பறிகொடுத்தவர் பூசை ராசா. பெட்டிகளைச் சுமந்து ஓடும் பட்டி நின்றுவிட்டால் போதும், அண்ணை தொடங்கிவிடுவார். தன் சொந்த மச்சானின் வீட்டுச் சண்டையைச் சொல்வதுபோலச் சொல்வார். எங்கள் குழுவிலிருந்த ஹெய்ட்டிக்காரர், "பூசை ராசாவுக்கு என்ன நடந்தது?" என்று மறுநாள் ஓடி வந்து கேட்பார்.

இனி என் வெட்கக்கேட்டுக்கு வருகிறேன். மகள் மதுரா இரண்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரெஞ்சில் எனக்குத் தெரிந்தது ‘பொன்ஜூ’, ‘மெர்சி’, பெட்டியில் ஒட்டியிருக்கும் நாலு சொற்கள். ஆனால் நான் உள்ளூர்த் தமிழ்ப் பத்திரிகையில் கவிதை எழுதுகிறவன். யாரிடமாவது கேட்டால் மானம் போய்விடும். கடிதத்தில் பலூன் படமும் வெள்ளிக்கிழமைத் தேதியும் இருந்தன. ஏதோ விழா என்று முடிவுகட்டி, பட்டுப்பாவாடையும் கனகாம்பர நிறச் சட்டையும் போட்டு, பொட்டு வைத்து அனுப்பினோம். வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் இரவில் படுக்கும் பைஜாமாவோடு வந்திருந்தார்களாம். அன்று பைஜாமா நாள். மதுரா அழவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக் கடிதங்களை என்னிடம் காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். தானே வாசித்து, தானே முடிவெடுத்து, "இதில ஒண்டுமில்லை, அப்பா" என்று பைக்குள் வைத்துவிடுவாள். ஏழு வயதுப் பிள்ளை என்னை வீட்டில் ஒரு விருந்தாளி ஆக்கிவிட்டாள்.

இதை அண்ணையிடம் சொன்னபோது அவர் பெட்டி வண்டியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அடுத்த ஞாயிறு, கையில் ஒரு பெரிய கொப்பியோடும், பின்னால் பிட்டும் நண்டுக்கறியும் சுமந்த மேர்சி அக்காவோடும் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"சுவீடன்ல திருச்சபைச் சட்டம் ஒண்ணு இருந்தது, தம்பி" என்றார். "குருவானவர் ஊருக்கு ஊர் போய்ச் சனத்தை வீட்டில கூப்பிட்டு வச்சி வாசிக்கச் சொல்லுவார். ஆர் நல்லா வாசிக்கிறாங்க, ஆர் தடுமாறுறாங்க எண்டு ஒவ்வொருத்தர்ர பேருக்கு நேர இடாப்பில எழுதுவார். முடிஞ்சாப்போல எல்லாருக்கும் சாப்பாடு. இண்டைக்கு இந்த வீட்டில பரீட்சை."

மதுரா துள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். அண்ணை கையைக் காட்டி நிறுத்தினார். "இரு கிளி. இடாப்பில முதல் பேரு வீட்டுக்காரர்ர பேரு."

மதுராவின் பையிலிருந்த பள்ளிக் கடிதம் ஒன்றை என் கையில் தந்தார். "பேந்து பாப்பம் அண்ணை, முதல் சாப்பிடுவம்" என்றேன். "சாப்பாடு மறுகாதான்" என்றார். வாசித்தேன். வாசித்தேன் என்று சொல்வது பாவம். ஒவ்வொரு சொல்லிலும் விழுந்து எழும்பினேன். மதுரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொறுக்கமாட்டாமல் என் மடியில் ஏறி இருந்து ஒவ்வொரு சொல்லையும் திருத்தினாள். அதன்பின் தமிழ்க் கொப்பியை வாசிக்கும் முறை அவளுக்கு வந்தது. இப்போது விழுந்து எழும்பியது அவள்; திருத்தியது நான். அண்ணை எங்கள் இருவருக்கும் ஒரே புள்ளிதான் போட்டார்: ‘மெதுவாக, ஆனால் நிற்காமல்.’

"அந்தக் காலத்தில படிப்புச் சரியில்லாட்டிக் கலியாணம் முடிக்கவும் விடமாட்டாங்களாம்" என்று என் மனைவியிடம் சொன்னார். அவள் பிட்டைக் குழைத்தபடியே, "இப்பவும் பிந்தேல்லை அண்ணை. ரத்துச் செய்யலாமோ எண்டு உங்கட குருவானவரிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றாள். அன்று சிரித்த சிரிப்பு மேல்வீட்டுக்காரரைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தது. அவருக்கும் நண்டுக்கறி கிடைத்தது.

இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு இந்தப் பரீட்சை நடந்தது. வேறு வீடுகளும் சேர்ந்தன. எங்கள் ஆட்களில் இத்தனை அப்பாமார் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கௌரவமாக இருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் பெரிய கெட்டிக்காரனாகிவிடவில்லை. ஆனால் மதுராவின் பை எனக்குத் திறந்தது. அது போதும்.

அவர் ஓய்வுபெற்ற நாளை எங்கள் குழுவில் யாரும் மறக்கமாட்டார்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு இரண்டு வார்த்தை பேச வரவேண்டிய மேலாளர் வரவில்லை. கேக் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணை மேசையில் ஏறாத குறையாக எழுந்து நின்று, முடி துறந்த சுவீடன் அரசியின் கதையைச் சொன்னார். அவள் கத்தோலிக்கராகி ரோமுக்குப் போனவள். முடியைக் கழற்ற வேண்டிய பிரபு துக்கத்தில் அசையாமல் நிற்க, அவளே தன் கையால் கழற்றினாளாம். "கழற்றுறவர் வராட்டி நாமளே கழற்றுறதுதான், பிள்ளையள்" என்று அட்டையைக் கழுத்திலிருந்து எடுத்து, ஓடிக்கொண்டிருந்த பட்டியில் வைத்தார். அட்டை அரசகளையோடு சுற்றி வந்தது. மூன்றாம் சுற்றில்தான் மேலாளர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

அடக்கத்துக்கு முதல்நாள் மேர்சி அக்கா அந்தக் கடதாசியை அனுப்பினார். காலையிலிருந்து வாசித்துப் பார்த்தேன். ஓரிடத்திலும் தட்டவில்லை. என் பிரெஞ்சு எனக்குத் தெரியாமலே வளர்ந்துவிட்டது போலும் என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

தேவாலயம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மதுரா, இப்போது என்னைவிட உயரம், என் வாயையே பார்த்தபடி இருந்தாள். நான் வாசித்தேன்; அந்தப் பிரெஞ்சை இங்கே தமிழில் தருகிறேன். "என் பெயர் அருள்ராசா. நான் பெட்டி ஏற்றினேன். பெட்டிகள் எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்தன. சில வேறு ஊருக்குப் போயின. மன்னிக்கவும்." ஹெய்ட்டிக்காரர் சத்தமாகச் சிரித்தார். "என் மனைவி நன்றாகச் சமைத்தாள். நான் நன்றாகச் சாப்பிட்டேன். எனக்கு நல்ல நண்பர்கள் இருந்தார்கள். அழ வேண்டாம், பசிக்கும்." தேவாலயமே சிரித்தது. ஒரு சொல்லிலும் நான் விழவில்லை. ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. அந்தக் கடதாசியில் சுவீடனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சாப்பாட்டு மேசையில் மேர்சி அக்காவிடம் கேட்டேன்.

"இருந்தது, தம்பி" என்றார். "ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து நாலு நாள் எழுதினவர். இந்தச் சொல்லு தம்பிக்கு வராது, இது வரும் எண்டு வெட்டி வெட்டி எழுதினார். உங்களுக்குத் தெரியாத சொல்லு ஒண்ணும் அதில இருந்திருக்காதே?"

"இல்லை அக்கா."

"ராசாக்களைப் பத்தி மட்டும் ஒரு முழுப்பக்கம் எழுதினார். அந்தப் பேரெல்லாம் தம்பிக்கு நாக்கில நிக்காது, சனத்துக்கு முன்னால அவர் வெக்கப்படக்கூடாது எண்டு கிழிச்சிட்டார்."

அப்போதுதான் அழுதேன். வாயில் பிட்டோடு, எல்லோரும் பார்க்க அழுதேன்.

வாழ்நாள் முழுவதும் கைவிடாத தன் ராசாக்களை, நான் தடுமாறக்கூடாது என்பதற்காகத் தன் கடைசிப் பக்கத்திலிருந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார் மனுசன். அவர்களை நான் எடுத்துக்கொண்டேன். அண்ணையிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அவர்களைத்தான். அவருடைய குறிப்புகளை மேர்சி அக்காவிடம் கேட்டு வாங்கி, காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒவ்வொருவரின் உண்மைப் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறேன். மணி ராசா வந்துவிட்டார். முடியைக் கழற்றிய அரசியும் வந்துவிட்டாள். பூசை ராசாதான் இன்னும் பல்லில் மாட்டுகிறார். முன் ஆசனத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.