எழுந்து நிற்கும் வேலை

அந்தத் தையல் கூடத்தில் அவளுக்குப் பெயர் காஜா. சட்டையில் பொத்தான் நுழைகிற ஓட்டைக்குத் தையல்காரர்கள் சொல்லும் பெயர் அது. அந்த ஓட்டை போடும் மிஷினோடு மிஷினாகப் பல வருஷம் உட்கார்ந்துவிட்டதில், அப்பா அம்மா வைத்த பெயரைக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி தாமதமாகத்தான் திரும்புவாள்.

பதினோரு வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. முதல் வகை. உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே புத்தி கெட்டுப்போய், இன்சுலின் சுரக்கிற இடத்தை எதிரி என்று நினைத்து அடித்து நொறுக்கிவிடும் வகை. அன்றிலிருந்து இன்சுலினை ஊசியாகத்தான் போட்டுக்கொள்கிறாள். போட்ட கையோடு சாப்பிட வேண்டும். தாமதமானால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அப்போது இனிப்பாக ஏதாவது உடனே உள்ளே போயாக வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லவிட்டால்தானே?

அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் வருவதில்லை. எல்லோரும் சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறார்கள். "குச்சி மாதிரி இருக்கே, உனக்கா சுகர்?" என்பார்கள். சின்ன வயதில் மிட்டாய் டப்பாவையே காலி செய்திருப்பாள் என்று நாத்தனார் இன்றைக்கும் நம்புகிறாள். பெண் பார்க்க வந்த நாளில் மாமியார் தனியாகக் கூப்பிட்டு, "ஒட்டுமாம்மா?" என்று கேட்டார். மகன் வயிற்றில் இருந்தபோது, இந்த உடம்போடு பிள்ளை எதற்கு என்று பக்கத்து வீட்டுக்காரி அழுதே விட்டாள். பிள்ளை கொழுகொழுவென்று பிறந்தான், அழுதவளோ அதைப் பற்றி மூச்சே விடவில்லை. கொழுந்தன் இன்னும் ஒரு படி மேலே. "மனசு வெச்சா ஊசிய விட்டுடலாம் அண்ணி. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் நடந்தே சரி பண்ணிட்டாரு." அந்த ஒருத்தருக்கு இருந்தது வேறு வகை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவான்.

இருபது வயதில் விளக்கம் சொன்னாள். முப்பதில் சண்டை போட்டாள். இப்போது நாற்பதைத் தாண்டியபின் "சரிங்க" என்கிறாள். நோய் கூட அவளை இந்த அளவு களைப்பாக்கவில்லை. அதைப் பற்றிய பேச்சுதான் ஆளை உறிஞ்சி எடுத்தது.

பக்கத்து மிஷினில் ஓவர்லாக் அக்கா. துணியின் ஓரம் பிரியாமல் தைப்பவள். தங்கமான மனசு, வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது. "ஐயோ, அதத் தொடாதடி!" என்று அவள் போடும் சத்தத்தில் காஜாவின் கையிலிருந்த பிஸ்கட் பலமுறை கீழே விழுந்திருக்கிறது.

அந்தக் கூடத்தில் மிஷினை விட்டு எழ வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் பார்த்துத் தலையசைக்க வேண்டும். ரெண்டு பிஸ்கட் தின்பதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக் கொண்டிருப்பது அவளுக்கு அலுத்துவிட்டது. அந்தச் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போகிறார் என்று தெரிந்தபோது, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளுக்கு ஓர் ஆசை வந்தது. சூப்பர்வைசர் நிற்கலாம், நடக்கலாம், பையிலிருந்து எதையாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டாம். அந்த வேலை அவளுக்கு, இல்லையென்றால் அக்காவுக்கு என்று பேச்சு. "எனக்கெதுக்குடி அந்தத் தலைவலி, நீயே போ" என்றாள் அக்கா.

அதைப் பற்றிப் பேச மேனேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பியது சாப்பாட்டு நேரத்தில். அப்போதுதான் ஊசி போட்டிருந்தாள், டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. ரெண்டு நிமிஷப் பேச்சுதானே என்று போனாள். அவரோ தான் சின்ன வயதில் பட்ட கஷ்டத்திலிருந்து ஆரம்பித்தார். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் நோயாளி என்பார், அந்தப் பதவி கைநழுவிவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. எப்படியோ மிஷின் வரை வந்து, டிராயரில் வைத்திருந்த பழச்சாறு டப்பாவை எடுத்து மொத்தமாக உறிஞ்சினாள். காத்திருந்தாள். நடுக்கம் குறையவில்லை. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். செயற்கை இனிப்பு, சர்க்கரை துளியும் இல்லை என்று போட்டிருந்தது.

"நாந்தான்டி மாத்தி வெச்சேன்," என்றாள் அக்கா பெருமையாக. "உனக்குப் போய் அந்தச் சர்க்கரத் தண்ணியா?" அப்புறம்தான் காஜாவின் முகத்தைப் பார்த்தாள். "ஏய், என்னாச்சு?"

"இனிப்பு... குடுக்கா..."

"இந்த நேரத்துல இனிப்பா? வேணவே வேணாம். இரு, நான் ஊசி போடுறேன். நீ போடறத தினம் பாக்குறேன்ல." அழுகையோடு காஜாவின் பையைத் துழாவி, இன்சுலின் ஊசிப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டாள். கூடியிருந்தவர்களும், "ஆமா ஆமா, சீக்கிரம் போடு" என்றார்கள்.

இன்னொரு ஊசி இறங்கினால் கதை முடிந்தது. அது காஜாவுக்குத் தெரியும், சொல்லத்தான் நாக்கு வரவில்லை. பிரியத்தோடு அல்லவா கொல்ல வருகிறார்கள்! சத்தம் கேட்டு மேனேஜர் டீ கப்போடு வந்து நின்றார். அவர் டீ பாகு மாதிரி இருக்கும், கூடமே கேலி பேசும். காஜா பாய்ந்து அந்தக் கப்பைப் பிடுங்கி, அவர் குடித்து வைத்த மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தாள். அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையை விரலால் வழித்து நக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. மேனேஜருக்கு அதற்குள் ஒரு யோசனை உதித்துவிட்டது. "ஊசியாலதானே இந்த மயக்கம்? வேலை நேரத்துல அதப் போடாம இருந்துடேன்மா. இந்தப் பதவியத் தர்றதுல எனக்கொண்ணும் இல்ல."

சரிங்க என்று சொல்லியிருப்பாள். வாய்க்குப் பழகிய சொல். ஆனால் இன்று வேறு சொல் வந்தது.

"ஊசி இல்லன்னா நான் ஒரு வாரம் கூடத் தாங்க மாட்டேன் சார். செத்துடுவேன்."

வீட்டுக்காரரிடம்கூட அவள் இதை இப்படிச் சொன்னதில்லை. அக்கா கையிலிருந்த பேனாவைப் பாம்பைப் போடுவது போலக் கீழே போட்டாள். அப்புறம் ஓவென்று அழுதாள். உடம்பெல்லாம் இன்னும் உதற, அவள் முதுகைத் தடவிச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது காஜாதான்.

வேலை அக்காவுக்குப் போனது. அக்கா கூச்சத்தோடு வந்து நின்றாள். "நான் வேணாம்னுதான்டி சொன்னேன்." காஜாவுக்குக் கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. இனி கையைத் தூக்கினால் அக்கா உடனே விடுவாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் கையைத் தூக்கும் முன்பே அக்கா ஓடி வந்தாள். கையில் பிஸ்கட், நிஜச் சர்க்கரை போட்ட பழச்சாறு. எழப்போன காஜாவின் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"உக்காரு உக்காரு! இனிமே நீ எழுந்திருக்கவே கூடாது. எல்லாம் உன் இடத்துக்கே வரும். நான் எதுக்கு இருக்கேன்?"

கூடமே மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அக்காவின் கண்ணில் அவ்வளவு பிரியம்.

"சரிக்கா," என்று சொல்லிவிட்டு காஜா உட்கார்ந்தாள்.