பின் ஸ்பிரிங்கில் செருகிய ரப்பர்

எழுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு திருநகரில். பஸ்ஸில் போனால் திருமங்கலத்தில் ஒன்று, உசிலம்பட்டியில் ஒன்று என்று மாறி ஏறிப் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும். அதனால் என் சம்பளத்தில் ஒரு பழைய செடான் கார் வாங்கினேன். இன்ஜின் நன்றாக இருந்தது. அதற்குக் கீழே இருந்த எதுவும் நன்றாக இல்லை. வளைவில் திருப்பினால் முதலில் வண்டி சாயும், அப்புறம்தான் திரும்பும். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுவது போல இருக்கும்.

ஒருநாள் காலையில் எழுமலைக்கு முன்னால் கண்மாய்க் கரை வளைவில் ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, என் பேச்சைக் கேட்காமல் கருவேல முள்ளுக்குள் போய் நின்றது. ஆட்டுக்கும் ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் காப்பியைக் கீழே வைக்கவில்லை.

"பொம்பளைக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம் காரு? வித்துட்டு பஸ்ல போ."

இதைச் சொன்னவருக்கு லைசென்ஸ் கிடையாது. வாழ்நாளில் ஒரு முறைகூட ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி அதற்கு ஒத்து ஊதினான்.

"அக்காவுக்கு வளைவுன்னா பயம் மச்சான். அதான்."

நான் கத்தினேன். கோளாறு வண்டியில்தான், என்னிடம் இல்லை என்றேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். நான் வண்டியைச் சரிபண்ணுவேன். அதற்குப் பிறகும் இப்படி ஒன்று நடந்தால் காரை விற்றுவிட வேண்டும். ஒப்புக்கொண்டேன். என் ஓட்டுதல் மேல் எனக்குச் சந்தேகமில்லை.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் "சார் வரலையா மேடம்?" என்று கேட்டார்கள். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். பசுமலையில் இருந்த மெக்கானிக் ஒருவர்தான் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"செஞ்சிரலாம் டீச்சர். ஆனா சொகுசு கொஞ்சம் கொறையும். குண்டு குழியில தூக்கிப் போடும்."

"சொகுசு யாருண்ணே கேட்டா? திருப்புனா திரும்பணும்."

பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அழுத்தினேன். போனது போனதுதான், மேலே வரவே இல்லை. செத்த எலியைக் கையில் பிடித்தது போலிருந்தது. இதை நம்பியா இத்தனை நாளும் உசிலம்பட்டிக்கும் எழுமலைக்கும் போய் வந்தேன்?

நாலு சக்கரத்துக்கும் புது ஷாக் அப்சார்பர் போட்டார். கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் போட்டார். பொடிந்துபோன ரப்பர் புஷ்களை எல்லாம் மாற்றினார். வண்டி ஒருபக்கமாகச் சாயாமல் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பியைத் தடிமனாகப் போட்டார். சக்கரங்கள் நேராக நிற்க அலைன்மென்ட் பார்த்தார். மறுநாள் கண்மாய் வளைவில் திருப்பினேன். நான் நினைத்த இடத்துக்குச் சக்கரம் போனது, கூடவே வண்டியும் போனது. எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னார்களே என்கிற ஆத்திரத்தில் வந்த அழுகை.

பிறகு தம்பி மகளுக்குக் காதுகுத்து வந்தது. குலசாமி கோயில் எழுமலைக்கு மேற்கே. எனக்குத் தேர்வுப் பணி, போக முடியாது. தம்பி காரைக் கேட்டான். அஞ்சு பேருக்கு மேல் ஏற்றாதே என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். "சரிக்கா, சரிக்கா" என்றான். திரும்பிக் கொண்டுவந்து விட்டபோது இருட்டிவிட்டது. காரைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, தூக்குச்சட்டியில் கறிக்குழம்பும் கொண்டுவந்திருந்தான். இப்படி ஒரு பொறுப்பா என்று எனக்கே ஆச்சரியம்.

அடுத்த நாள் காலையில் தூறல். கண்மாய் வளைவு. தினமும் போகிற அதே வேகம். திருப்பினேன். முன்பக்கம் திரும்பியது. பின்பக்கம் நிற்காமல் சுற்றிக்கொண்டே வந்தது. ஜன்னலில் கண்மாய் தெரிந்தது, பிறகு வயல், பிறகு நான் வந்த ரோடு. இன்ஜின் அணைந்துவிட்டது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பின்னால் டிராக்டரில் வந்தவர் நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, பள்ளிக்கூடம் லீவா? திரும்பி வீட்டுக்குப் போறீகளா?"

இறங்கி வண்டியைச் சுற்றி வந்தேன். வெளிச்சத்தில் அப்போதுதான் பார்க்கிறேன், வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் தடவினேன். ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. ரப்பர். அந்தப் பக்கமும் அதே. நடுரோட்டில் நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஆமாக்கா, நாந்தான் போட்டேன். ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொண்ணுலயும் அடி தட்டுச்சு. உசிலம்பட்டில ஒருத்தர்ட்ட விட்டுத் தூக்கிட்டேன். நீ சந்தோசப்படுவேன்னு நெனச்சேன்."

"எத்தன பேருடா ஏறுனீக?"

"எட்டு. கொழந்தைகளச் சேக்காம."

"பாத்திரம்?"

"டிக்கில."

"கெடா?"

"பின் சீட்டுலதான்க்கா. ஜன்னலோரம். அது பாட்டுக்கு வேடிக்கை பாத்துக்கிட்டு வந்துச்சு."

எங்கள் பக்கத்தில் கார் தரையில் தட்டினால் எல்லோரும் செய்கிற வைத்தியம் இதுதான். ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பரைச் செருகித் தூக்கிவிடுவார்கள். ஊரையே ஏற்றிக்கொண்டு போனால் சரி. தனியாக நான் மட்டும் போகும்போது அந்த ஸ்பிரிங் அமுங்காது. அமுங்காவிட்டால் பின் டயர் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. முன்பக்கம் பசுமலையில் போட்டபடியே இருக்கிறது, இறுகப் பிடிக்கிறது. பின்பக்கம் ஈரத்தில் விட்டுவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரிய வைத்துவிடுவேன்.

இவர்களுக்குப் புரிய வைக்க முடியவில்லை. சாயங்காலம் வீட்டில் தம்பியும் வீட்டுக்காரரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ரப்பர் போட்டா வண்டிக்குப் பலம்தான?" என்றார் வீட்டுக்காரர். "ஊர்ல எல்லாரும் போடுறாக. எவனும் சுத்தல, நீதான் சுத்துற. பேசுன பேச்சு பேச்சுதான். வித்துரு."

ரப்பரை நான் எடுக்கவில்லை. வளைவுகளில் மெதுவாகப் போய்க்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருந்தேன். மழை பெய்த ஒரு விடுமுறை நாளில் தம்பியை அழைத்துக்கொண்டு போனேன். கண்மாய்க்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, சாவியைக் கொடுத்தேன்.

"எனக்குத்தான வளைவுன்னா பயம்? நீ ஓட்டு. நான் போற வேகத்துல போ. எதுக்க வண்டி வரல."

"என்னக்கா, சின்னப்புள்ளத்தனமா" என்று சிரித்துக்கொண்டேதான் கிளப்பினான்.

வளைவில் பாதி போனதும் சிரிப்பு நின்றது. "ஆத்தாடி" என்று ஒரு சத்தம். ரோடு, கண்மாய், முள், எல்லாம் ஒரு சுற்று. நின்றபோது முன் கண்ணாடி முழுக்கக் கருவேலங்கிளை. அவன் கால் பிரேக்கை விட்டு எடுக்கவில்லை.

"மச்சானுக்குப் போன் போடு. நடந்தத அப்படியே சொல்லு" என்றேன்.

ஸ்பீக்கரில் போட்டான்.

"மச்சான், ஒண்ணுமில்ல… வண்டி சுத்திருச்சு. ரோடு சரியில்ல மச்சான். மழைத் தண்ணி."

"அப்படியா மாப்ள? அடிகிடி படலையே? அந்த ரோட்ட ஒழுங்காப் போடச் சொல்லி மனுக் குடுக்கணும். பாத்து வா."

கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே வளைவு. அதே வண்டி. அதே தூறல். அவன் சுற்றினால் ரோடு. நான் சுற்றினால் பொம்பளை. போனைப் பிடுங்கினேன்.

"நான் சுத்துனப்ப ரோடு நல்லா இருந்துச்சா?"

"அது வேற…" என்றார்.

"ஒண்ணும் வேற இல்ல. மொதல்ல அந்த ரோட்ட வித்துட்டு வாங்க. அப்புறம் என் காரை விக்கிறதப் பத்திப் பேசலாம்."

"சரி சரி, வச்சுக்க. கத்தாத" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதுவும் வராது. எனக்கும் அது போதும்.

தம்பியைப் பக்கத்துச் சீட்டில் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு நானே ஓட்டினேன். பசுமலை வரைக்கும் உருட்டிக்கொண்டே போனேன். பசுமலைக்காரர் வண்டியைத் தூக்கி, இரண்டு ரப்பரையும் நெம்பி எடுத்துத் தரையில் போட்டார். பின்பக்கம் பழையபடி இறங்கி உட்கார்ந்தது.

தம்பி குனிந்து ரப்பரை எடுத்தான். மழைச் சேற்றைத் தன் சட்டையிலேயே துடைத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இத நான் எடுத்துக்கிறவா? புதுசு மாதிரி இருக்கு. என் சகலை கார் அடி தட்டுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு."

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் முள்ளுக்குள் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தவன் இவன்தான். ரப்பர் இரண்டையும் அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, மெக்கானிக்கிடம் அறுக்க ஒரு கத்தி கேட்டேன்.